நாள்பட்ட கழுத்துவலி, முதுகுவலிக்குக் கைச் சிகிச்சை: வேலூர்ப் பக்கம் முதல் தடவை போகிறவர்களுக்கு

பிசியோதெரபிஸ்ட் கையால் செய்யும் சிகிச்சையில் படுத்து எழுந்தால் கழுத்து லேசாகத் திரும்பும், இடுப்பு கொஞ்சம் நிமிரும். அந்த இலகு சில மணி நேரம் இருக்கும், சிலருக்கு இரண்டு மூன்று நாள் தங்கும். அதற்குள் அந்த இடத்தை அசைத்துப் பழக்கினால் பலன் நிற்கும். பழையபடி பீடி சுற்ற முறத்தை மடியில் வைத்துக்கொண்டு 8 மணி நேரம் குனிந்தால் வலி திரும்பி வந்துவிடும். ‘கரண்ட் வெச்சாங்க, கையால அமுக்கினாங்க, ஒண்ணும் கேக்கலை’ என்று பலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வேலூருக்கு இது புதிய பாடம் கிடையாது. தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை 1940-களின் இறுதியிலிருந்து டாக்டர் பால் பிராண்ட் இங்கே சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவைச் சிகிச்சை செய்து நிமிர்த்தினார். நிமிர்ந்த விரல் பொத்தான் போடவும் டம்ளர் பிடிக்கவும் பழகியது, அதற்குப் பிறகு நாள்தோறும் கொடுத்த பயிற்சியால்தான். கழுத்துக்கும் இடுப்புக்கும் அதே கணக்கு.

முதலில் பார்க்க வேண்டியது: இது கைவைக்கக்கூடிய வலிதானா?

3 மாதம் தாண்டிய வலியைத்தான் நாள்பட்ட வலி என்கிறோம். அதில் பெரும்பகுதி தசை, மூட்டு, பழக்கம், தூக்கமின்மை, மனக்கவலை எல்லாம் கலந்தது. கைச் சிகிச்சைக்கு ஏற்றது. சில வலிகளில் மட்டும் கைவைக்கவே கூடாது, நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

சிறுநீர் வருவது தெரியவில்லை, அடக்க முடியவில்லை, மலம் தானாகப் போகிறது, உட்காரும் இடத்தில் தொட்டால் மரத்திருக்கிறது, இரண்டு காலிலும் பலம் குறைகிறது: இதில் ஒன்று புதிதாக வந்தாலும் அன்றைக்கே, இரவானாலும், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது சி.எம்.சி. அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ‘காலையில பாத்துக்கலாம்’ என்று விட்டால், அழுந்திய நரம்பு திரும்பாமலே போகலாம்.

மாலையில் லேசாகக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவு, படுத்தாலும் விடாத முதுகுவலி இருந்தால் முதுகெலும்பு டி.பி. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டி.பி. நுரையீரலில் மட்டும்தான் வரும் என்று நினைத்து, ஆறு மாதம் எண்ணெய் தேய்த்துக் காலம் போக்குபவர்கள் உண்டு. மருந்தால் குணமாகிற நோய் அது. அழுத்திப் பிடித்தால் அரித்துப்போன எலும்பு நொறுங்கலாம்.

முன்பு புற்றுநோய் வந்தவர்கள், பல மாதம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள், வழுக்கி விழுந்த பிறகு வலி தொடங்கிய வயதானவர்கள், நடக்கும்போது பாதம் தொங்கிச் செருப்பு கழன்று போகிறவர்கள், 50 வயதுக்கு மேல் முதல் தடவையாகக் கடும் முதுகுவலி வந்தவர்கள் ஆகியோரும் டாக்டரைப் பார்த்த பிறகே பிசியோதெரபிக்கு வர வேண்டும்.

‘டிஸ்க் நழுவிடுச்சு, எலும்பு விலகிடுச்சு’

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பயந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2015-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைப் பார்த்தது. 20 வயதில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. டிஸ்க் பிதுக்கம் 20 வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு இருந்தது. இவர்கள் யாருக்கும் வலி இல்லை. தலைமுடி நரைப்பதைப் போல டிஸ்க்கும் வயதோடு மாறுகிறது. ரிப்போர்ட்டில் உள்ள சொல்லும் உங்கள் வலியும் ஒத்துப்போகின்றனவா என்று உடலைத் தொட்டு, அசைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

டிஸ்க் இரண்டு எலும்புக்கும் நடுவே உறுதியாக ஒட்டியிருப்பது. சோப்புக்கட்டி மாதிரி நழுவி ஓடாது. ஆகவே ‘விலகினதைத் தட்டி உள்ளே தள்ளிட்டேன்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ‘டக்’ என்று வரும் சத்தமும் எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து, வாயுக் குமிழி உருவாகும்போது வருவது. சத்தம் வந்தாலும் வராவிட்டாலும் பலன் ஒன்றுதான்.

யாரிடம் போவது?

பிசியோதெரபியில் இளநிலைப் பட்டம் (பி.பி.டி.) அல்லது முதுநிலைப் பட்டம் (எம்.பி.டி.) படித்த பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள். படிப்பைக் கேட்பதில் தவறில்லை. முதல் நாளே ஆடை விலக்காமல், எதையும் அசைத்துப் பார்க்காமல், நேரே மெஷினில் படுக்க வைத்தால் அது உங்களுக்கான இடம் இல்லை. ‘30 நாள் பேக்கேஜ், முழுப் பணமும் முன்னாடியே’ என்றாலும் யோசியுங்கள்.

சி.எம்.சி.யில் உடலியக்க மருத்துவத்துக்குத் தனித் துறையே இருக்கிறது. அதன் மறுவாழ்வு மையம் 1966 முதல் பாகாயத்தில் நடக்கிறது. விபத்தில் இரண்டு கால்களும் செயலிழந்த பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் கட்டியெழுப்பிய துறை அது. அடுக்கம்பாறை மருத்துவமனையிலும் பிசியோதெரபி உண்டு. நடக்க முடியாமல் வீட்டோடு இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைச் சொல்லி வையுங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டு வருவது நம் பக்கத்து வழக்கம். அது எலும்பு முறிவுக்காக வந்த முறை. ஒரு வருடமாக இருக்கிற கழுத்துவலிக்கு இறுக்கிக் கட்டி அசைக்காமல் வைப்பது நேர்மாறான வைத்தியம். பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முதலில் வந்தவரை முதுகில் மிதிக்கச் சொல்வதை நிறுத்திவிடுங்கள். எலும்பு பலம் குறைந்த பாட்டிக்கு ஒரு மிதியே முறிவாகிவிடும். சலூனில் முடிவெட்டிய பிறகு தலையைப் பிடித்து வெடுக்கென்று திருப்பி நெட்டி முறிப்பதும் வேண்டாம். கழுத்தெலும்பின் ஓட்டைகள் வழியாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உள்சுவர் கிழிய வாய்ப்பு உண்டு. அபூர்வம்தான், ஆனால் பக்கவாதம் வரை போகும். தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குழறல், விழுங்கச் சிரமம், திடீரென்று கால் துவண்டு விழுவது ஆகியவற்றில் எது இருந்தாலும் கழுத்தை யாரையும் திருப்ப விடாதீர்கள்.

போகும் நாளில்

பழைய எக்ஸ்ரே, ஸ்கேன், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள். லேசாக அழுத்தினாலே கன்றிப்போகும். மூட்டுகள் வீங்கி விறைக்கும் முடக்குவாதம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மேல்கழுத்து மூட்டு தளர்ந்திருக்கலாம். கர்ப்பமாக இருப்பவர்களைக் குப்புறப் படுக்க வைக்காமல் ஒருக்களித்து வைத்துச் செய்வார்கள்.

பெண்கள் முன்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கையோ தளர்வான சுடிதாரோ போட்டுக்கொண்டு, பெரிய துண்டு ஒன்றும் கொண்டுபோனால் சங்கடம் இராது. பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்றோ, உடன் வந்தவர் உள்ளே இருக்க வேண்டும் என்றோ கேட்பது உங்கள் உரிமை. சாப்பிட்ட உடனே போகாதீர்கள். ஒன்றரை மணி நேரமாவது கழியட்டும்.

முதல் நாளில் பாதி நேரம் கேள்வியிலும் அளவிலுமே போகும். அது வீணில்லை. வலிக்கு 0 முதல் 10 வரை எண் கேட்பார்கள். ‘ரொம்ப வலிக்குது’ என்று சொல்வதைவிட ‘காலையில 3, முறம் வெச்சு ரெண்டு மணி நேரம் ஆனா 7’ என்று சொன்னால் எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரிந்துவிடும். நீங்களும் ஒரு அளவு எடுத்துக் குறித்து வையுங்கள். சுவரிலிருந்து குதிகால் நான்கு விரல் தள்ளி நின்று, புட்டமும் மேல்முதுகும் சுவரில் பட, மோவாயைத் தூக்காமல் நேரே பாருங்கள். பின்னந்தலைக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை விரல் போகிறது என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை நோட்டில் தேதியோடு எழுதுங்கள்.

கை என்ன செய்கிறது?

கழுத்து, மேல்முதுகு வலிக்கு வழக்கமாக நடப்பது இது. குப்புறப் படுக்கச் சொல்லி, நெற்றிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைப்பார்கள். மூக்குக்கு வழி இருக்கும், கழுத்து திரும்பாது. பிறகு இரண்டு கட்டைவிரலையும் ஒட்டி வைத்து, முதுகுத்தண்டின் நடுமேட்டில் விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு முனைகளை, ஒவ்வொரு முள்ளாகக் கீழ்நோக்கி மெல்ல அழுத்திப் பார்ப்பார்கள். நன்றாக இருக்கும் இடம் மெத்தைபோல் கொஞ்சம் அமுங்கித் திரும்பும். பீடி சுற்றுபவர்களுக்கும் தையல் வேலைக்காரர்களுக்கும் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே இரண்டு மூன்று முள் பலகையில் கைவைத்த மாதிரி இருக்கும். வலி கழுத்தில், விறைப்பு அதற்கு ஒரு சாண் கீழே. நடுமுதுகு அசையாததால் அதன் வேலையையும் கழுத்தே சேர்த்துச் செய்கிறது, அதனால் அது களைத்து வலிக்கிறது. வலிக்கும் இடத்தையே பிசைந்துகொண்டிருந்தால் தீராததற்கு இது ஒரு காரணம்.

விறைத்த இடத்தில் வினாடிக்கு ஒன்றிரண்டு என்ற தாளத்தில் அழுத்தி விடுவார்கள். 30 வினாடி முதல் ஒரு நிமிடம் வரை, கொஞ்சம் இடைவெளி விட்டு, இரண்டு மூன்று தடவை. ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி மெய்ட்லண்ட் வகுத்த படி முறையில் இதற்கு நான்கு படிகள். முதல் இரண்டும் வலியைத் தணிக்க. விறைப்பு எட்டாத தூரத்திலேயே ஆட்டுவது. மூன்றும் நான்கும் விறைப்பின் ஓரம் வரை போய் அழுத்துவது. வலி 7, 8-ல் இருக்கும்போது நான்காம் படியில் அழுத்தினால் தசை இன்னும் இறுகும். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது; ‘நல்லா பலமா அமுக்குங்க’ என்று நாமே கேட்டு வாங்குவதும் உண்டு. அழுத்தும்போது வலி 4-ஐத் தாண்டினால் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதால் எந்தப் பலனும் இல்லை.

தசைக்குச் செய்வது வேறு. இறுகிய முடிச்சைக் கண்டுபிடித்து, 30 முதல் 90 வினாடி வரை சீராக அழுத்தி வைத்திருப்பார்கள். அழுத்தம் மாறாமலே வலி பாதியாக இறங்கினால் சரியான இடம். விரல் மரக்கிறது, கரண்ட் அடித்தது மாதிரி கைக்குள் ஓடுகிறது என்றால் நரம்பின் மேல் அழுத்தம் விழுகிறது. உடனே எடுக்கச் சொல்லுங்கள்.

எழுந்து செருப்புப் போடுவதற்கு முன், இப்போது இலகுவான அசைவை அங்கேயே 10 தடவை செய்யுங்கள். குடியாத்தம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் கூனி உட்கார்ந்து போன பிறகு செய்வதைவிட இது பல மடங்கு மேல்.

மெஷின்கள் பற்றி ஒரு வார்த்தை. நாள்பட்ட இடுப்புவலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மசாஜ், முதுகெலும்புக்கான கைச் சிகிச்சை ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. முதுகை இழுத்துவிடும் இழுவை, வலிக்கு வைக்கும் அல்ட்ராசவுண்ட், தோல் வழியாகக் கொடுக்கும் டென்ஸ் மின்தூண்டல், இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. பணமும் நேரமும் குறைவாக இருந்தால் எதை விடலாம் என்று இதிலிருந்தே முடிவு செய்துகொள்ளலாம்.

அடுத்த 48 மணி நேரம்

அடித்துப் போட்டது மாதிரி இருக்கலாம். முதல் நாள் கடப்பாரை பிடித்தவருக்கு வரும் உடல்வலி மாதிரிதான், 24 மணி நேரத்தில் குறைந்து 48-ல் போய்விடும். வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம் கொடுக்கலாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களும், தோலில் உணர்வு குறைந்தவர்களும் மரத்த இடத்தில் ஒத்தடம் வைக்கக் கூடாது. சூடு தெரியாமல் வெந்துபோகும். அன்று முழுக்கப் படுத்துக் கிடக்காதீர்கள். இரண்டு நாளுக்கு மேல் வலி கூடியே இருந்தாலோ, கைகாலில் புதிதாக மரப்பு வந்தாலோ அடுத்த தடவைக்குக் காத்திருக்காமல் போன் செய்து சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

நான்கு போதும். பதினைந்து சொல்லிக்கொடுத்தால் ஒன்றும் செய்யமாட்டோம்.

குளியல் துண்டைச் சுருட்டி ஒரு சாண் சுற்றளவுக்கு உருளையாக்கி ரப்பர் பேண்ட் போடுங்கள். பாயில் மல்லாந்து, தோள்பட்டை எலும்பின் கீழ்முனை மட்டத்தில் முதுகுக்குக் குறுக்கே வைத்து, முழங்காலை மடக்கி, கைகளால் தலையைத் தாங்கி 5 மூச்சு. துண்டை இரண்டு விரல் மேலே நகர்த்தி 5 மூச்சு. இன்னும் மேலே ஒரு தடவை. இடுப்பு தரையை விட்டு எழும்பினால் துண்டு தடிமன் அதிகம். எலும்பு பலவீனம் இருப்பவர்களுக்கு இது வேண்டாம்.

உட்கார்ந்தபடி மோவாயை நேரே பின்னுக்கு இழுத்து 5 வினாடி, 10 தடவை, நாளைக்கு 3 வேளை. பலரும் தலையைக் கீழே கவிழ்த்துவிடுகிறார்கள் அல்லது மேலே தூக்கிவிடுகிறார்கள். கண் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், தொண்டை நெரியக் கூடாது.

டென்னிஸ் பந்தை ஒரு நீளமான சாக்ஸில் போட்டு, தோளுக்குப் பின்னால் தொங்கவிட்டுச் சுவரில் சாய்ந்து முடிச்சின் மேல் அழுத்துங்கள். ஓரிடத்தில் ஒரு நிமிடம், மொத்தம் 5 நிமிடம். சாக்ஸ் இருந்தால் பந்து நழுவி உருளாது. முதுகுத்தண்டின் மேலும் கழுத்தின் முன்பக்கத்திலும் வைக்கவே கூடாது.

நான்காவது பலத்துக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ எடை. இடுப்பில் முன்சாய்ந்து, ஒரு கையால் கட்டிலைப் பிடித்து, மறுகையில் பாட்டிலை முழங்கை முதுகுக்குப் பின்னால் போகும் வரை இழுத்து இறக்குங்கள். 10 தடவை, 3 சுற்று, வாரம் 3 நாள். கடைசி இரண்டு தடவை சிரமப்பட்டால்தான் எடை சரி. சுலபமாகிவிட்டால் இரண்டு லிட்டர் பாட்டிலுக்கு மாறுங்கள். இலகு கொடுத்த உடலைத் தாங்கிப் பிடிப்பது இந்தப் பலம்தான், இதைத்தான் எல்லோரும் முதலில் விடுகிறார்கள்.

வேலை செய்யும் இடம்

‘நிமிர்ந்தே உட்காரு’ என்று நாள் முழுக்கச் சொல்வதில் பயனில்லை. நிமிர்ந்தபடியே இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தாலும் வலிக்கும். நிலையை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் வேண்டியது.

பீடி சுற்றுபவர்கள் வெறுந்தரையில் உட்காராமல் நான்கு விரல் உயர மணையில் உட்காருங்கள். முட்டியைவிட இடுப்பு உயர்ந்தால் கீழ்முதுகு தானாக நிமிரும். முதுகைச் சுவரில் சாய்த்து, நடுவே ஒரு சின்னத் தலையணை. மடியில் தலையணை போட்டு அதன் மேல் முறத்தை வைத்தால் ஒரு சாண் மேலே வரும், கழுத்து அந்த அளவுக்குக் குனியாது. 100 பீடிக்கு ஒரு தடவை முறத்தை இறக்கி, நீட்டிய காலை மாற்றி, தோளைப் பின்னுக்குச் சுழற்றி 5 தடவை. ஆயிரம் சுற்றினால் பத்து இடைவேளை. ஒவ்வொன்றும் அரை நிமிடம்தான், கூலி குறையாது.

40 வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிந்தால் முகம் தானாக வேலைக்கு அருகே இறங்கும். கழுத்துவலிக்குச் சிகிச்சை எடுத்தும் தீராத பலருக்கு ஒரு கண்ணாடியும் பக்கவாட்டில் ஒரு பல்பும்தான் குறை.

ஆம்பூர், ராணிப்பேட்டையில் ஷூவின் மேல்பாகம் (அப்பர்) தைப்பவர்கள் ஸ்டூலை மெஷினை நோக்கி இழுத்துப் போட்டு, பெடலை வலப்பக்கம் ஒதுக்காமல் நேர் முன்னால் வையுங்கள். குடியாத்தம், ஆரணியில் குழித்தறி நெய்பவர்களுக்கு இடுப்பின் முன்பக்கத் தசை சுருங்கிப்போகும். குழியை விட்டு ஏறும் ஒவ்வொரு தடவையும் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, இடுப்பை முன்னே தள்ளிப் பக்கத்துக்கு 30 வினாடி நில்லுங்கள். தண்ணீர்க் குடத்தைப் பாதி நிரப்பி, இடுப்பு மாற்றி மாற்றி எடுங்கள்.

எத்தனை தடவை, எப்போது நிறுத்துவது?

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு தடவை, பிறகு வாரம் ஒன்று. 4 முதல் 6 தடவைக்குப் பிறகு நோட்டை எடுத்துப் பாருங்கள்: வலி எண் 2-ஆவது இறங்கியிருக்கிறதா, சுவருக்கும் தலைக்கும் நடுவே விரல் குறைந்திருக்கிறதா, எவ்வளவு நேரம் வலியில்லாமல் முறம் வைக்க முடிகிறது? எதுவுமே மாறவில்லை என்றால் அதே சிகிச்சையை இன்னும் பத்து நாள் நீட்டாதீர்கள். மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் டாக்டரிடம் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். மாறியிருந்தால் கைச் சிகிச்சையை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக்கி நிறுத்திவிட்டு, வீட்டுப் பயிற்சியை மட்டும் குறைந்தது 3 மாதம் தொடருங்கள்.

நடுவில் ஒரு நாள் வலி மறுபடி தலைகாட்டும்: கல்யாண வேலை, நீண்ட பைக் பயணம், தூக்கம் கெட்ட வாரம். அப்போது பாட்டில் பயிற்சியை இரண்டு நாள் பாதியாகக் குறைத்து, துண்டுப் பயிற்சியை இரண்டு வேளையாக்கி, நடையை விடாமல் இருங்கள். ஒரு வாரத்தில் தணியவில்லை என்றால் மட்டும் மறுபடி கைச் சிகிச்சைக்குப் போனால் போதும்.